அம்மாவுக்கு 60 நாள், கிளார்க்குக்கு 98, எனக்கு எத்தனை?

2023-இல் என் கிளார்க் பிரசவ விடுப்புக் கடிதத்தை நீட்டினாள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மாடி ஒன்றில், இரண்டு பேரை வைத்துக்கொண்டு நான் நடத்தும் கணக்கு அலுவலகம் அது. அந்த ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிதான் 1955 வேலைச் சட்டத்தின் திருத்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. 60 நாளாக இருந்த பிரசவ விடுப்பு 98 நாளாகிவிட்டது. பதினான்கு வாரச் சம்பளம். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ அதைத் தராது. நம் நாட்டில் அது முதலாளியின் பையிலிருந்துதான் போகும். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அன்று மாலை வெகுநேரம் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு எனக்கு. கிளினிக்கில் மே மாத நடுவில் தேதி கொடுத்தார்கள். அப்போது நான் இரண்டு கம்பெனிகளில் இயக்குநர். ஒன்று, கோலாலம்பூரில் தலைமையகம் வைத்திருக்கும், பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி. மற்றது எங்கள் ஊரிலேயே செம்பனைப் பழம் ஏற்ற லோரி ஓட்டும் ஒரு குடும்பத்தின் செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி. இரண்டிலும் எனக்கு நிர்வாகப் பொறுப்பு கிடையாது. கூட்டத்துக்குப் போவது, கணக்கைப் பார்ப்பது, மற்றவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்பது, அவ்வளவுதான் என் வேலை.

பெரிய கம்பெனியின் செக்ரட்டரிக்குப் போன் போட்டு, எனக்கு எத்தனை நாள் விடுப்பு என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து வந்த பதில்: விடுப்பு என்று ஒன்று இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவர் எங்கள் ஊருக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருஷம் பால்மரம் வெட்டியவர். "எனக்கே அறுபது நாள் குடுத்தாங்களேடி" என்றார். உண்மைதான். நான் பிறந்தபோது 60 நாள் வீட்டில் இருந்துவிட்டு, 61-ஆம் நாள் விடியற்காலை என்னை ஆயா கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலைப் பெயர்ப்பதிவுக்கு, போயிருக்கிறார். அந்த 60 நாளும் போதாது என்பது வேறு கதை. ஆனாலும் அது சட்டத்தில் இருந்தது. மரம் வெட்டிய அம்மாவுக்கு இருந்தது, என்னிடம் சம்பளம் வாங்கும் கிளார்க்குக்கு இருந்தது. இயக்குநரான எனக்கு இல்லை.

இதில் சதி ஒன்றும் இல்லை. வேலைச் சட்டம் 'தொழிலாளி'க்குத்தான் பொருந்தும். அதாவது ஒரு முதலாளியிடம் வேலை ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு. இப்போது சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் 98 நாள் உண்டு, மேனேஜருக்கும் உண்டு. ஆனால் நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநர் சம்பளம் வாங்குவதில்லை, கட்டணம் வாங்குகிறார். அவர் இருப்பது ஒரு பதவியில். கோயில் தலைவர் பதவி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில் தலைவருக்கு யாராவது வருடாந்திர விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? இயக்குநராகவும் இருந்து, அதே கம்பெனியில் சம்பளத்துக்கு வேலையும் பார்ப்பவர் என்றால் கதை மாறலாம். அந்த வேலை ஒப்பந்தம் அவருக்குத் தொழிலாளி என்ற உரிமையைத் தரக்கூடும். ஆகவே முதலில் பார்க்கவேண்டியது நியமனக் கடிதத்தை. விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதை அல்ல.

என் கணவர் செம்பனைப் பழ ஆலையில் வேலை செய்கிறார். அவருக்கு 7 நாள் தந்தையர் விடுப்பு, அதுவும் அதே திருத்தத்தில் வந்ததுதான். மணமாகியிருக்க வேண்டும், அதே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும், 30 நாள் முன்னால் சொல்லவேண்டும், ஐந்து பிரசவம் வரை கிடைக்கும். அவர் ஒரு பக்கத்துப் பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். நான் கம்பெனிகளின் அமைப்பு விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய ஆட்கள் எம் அண்ட் ஏ என்று சொல்வார்களே, அதுதான்.

அங்கேதான் என் முதல் பயம் வந்தது. பெரிய கம்பெனியின் விதிகளில் ஒரு வரி: ஒரு நிதியாண்டில் நடக்கும் இயக்குநர் கூட்டங்களில் பாதிக்கு மேல் வராதவரின் பதவி காலியாகிவிடும். இது அவர்கள் கண்டுபிடித்த விதி அல்ல. புர்சா மலேசியா என்ற பங்குச் சந்தையின் பட்டியல் விதிகளில் இருப்பது. பங்குச் சந்தைக் கம்பெனிகள் தங்கள் விதிகளில் எழுதி வைத்துக்கொள்வது. எங்கள் வரியில் காரணம் சொல்ல இடமே இல்லை. மகப்பேறு, ஆஸ்பத்திரி, வெள்ளம், எதுவும் இல்லை.

சரி, கணக்குப் போட்டேன். எங்கள் நிதியாண்டு டிசம்பரில் முடியும். காலாண்டுக் கணக்கை இரண்டு மாதத்துக்குள் வெளியிட வேண்டும் என்பதால் கூட்டங்கள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் கடைசிகளில் வரும். மொத்தம் நான்கு. மே, ஆகஸ்ட் இரண்டையும் விட்டுவிட்டால் சரியாகப் பாதி. 'பாதிக்கு மேல்' இல்லை, தப்பித்தேன் என்று நினைத்தேன். ஜூனில் ஒரு நிலம் வாங்கும் விஷயமாகத் தலைவர் சிறப்புக் கூட்டம் ஒன்றைக் கூப்பிட்டார். மொத்தம் ஐந்தானது. மே, ஜூன், ஆகஸ்ட் மூன்றையும் விட்டால் ஐந்தில் மூன்று. பதவி போச்சு. தலைவர் நல்ல மனிதர்; நீங்கள் ஓய்வெடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அன்போடுதான் சொல்லியிருந்தார். அவருக்கும் இந்த எண்ணிக்கை தோன்றவில்லை. அன்பாகச் சொன்னதை நம்பி நான் சும்மா இருந்திருந்தால், ஆகஸ்ட் முடியும்போது அவராலேயே என்னைக் காப்பாற்ற முடியாமல் போயிருக்கும்.

ஆகவே ஜூன் கூட்டத்துக்கு ஆன்லைனில் உட்கார்ந்தேன். எல்லாரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க முடிகிறவரை அப்படி நடத்துவதற்கு 2016 கம்பெனிச் சட்டம் இடம் தருகிறது. எங்கள் விதிகளிலும் இருந்தது. பிள்ளை பிறந்து 36-ஆம் நாள். அம்மா வீட்டு நடு அறை, தலையில் துண்டு, அறை முழுக்கக் காயமருந்தின் வாசம், கேமராவை அணைத்துவிட்டேன். நிலத்தின் மதிப்பீட்டு அறிக்கையைப் பற்றி நான் கேள்வி கேட்கத் தொடங்கியபோது பிள்ளை வீறிட்டது. மைக்கை அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டே மற்றவர்கள் பேசுவதைக் கேட்டேன். திரும்பி வந்து அதே கேள்வியைக் கேட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர் பட்டியலில் என் பெயர் ஏறியது.

மே கூட்டம் வேறு மாதிரிச் சிக்கல். நான் அங்கே தணிக்கைக் குழுவிலும் இருக்கிறேன். குழுவில் மூன்று பேர், மூன்றுக்குக் குறையக்கூடாது என்பது விதி. எங்கள் மூவரில் நானும் இன்னொருவரும் சுயேச்சை இயக்குநர்கள் (கம்பெனியோடு வேறு தொடர்பில்லாதவர்கள்), மூன்றாமவர் அப்படியல்ல. கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் பெரும்பான்மை சுயேச்சை இயக்குநர்களாக இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான வருகை, சேரும். நான் வராவிட்டால் மிச்சம் ஒருவர் சுயேச்சை, ஒருவர் இல்லை. பாதிக்குப் பாதி, பெரும்பான்மை இல்லை, கோரம் இல்லை. முதல் காலாண்டுக் கணக்கு மே 31-க்குள் வெளியாக வேண்டும். என் பிரசவத் தேதி அதற்கு இரண்டு வாரம் முன்னால்.

மாற்று இயக்குநர் ஒருவரைப் போட்டுவிடலாமே என்று செக்ரட்டரி சொன்னார். விதிகளில் இடம் இருந்தால் இயக்குநர் கூட்டத்துக்குப் போடலாம். ஆனால் மாற்று இயக்குநரைத் தணிக்கைக் குழுவில் உறுப்பினராக்கக் கூடாது என்று பட்டியல் விதிகளே சொல்கின்றன. இன்னொன்று, மாற்று இயக்குநராக வருகிறவர் சட்டத்தின் கண்ணில் இயக்குநர்தான், பொறுப்பு அவர் தலையிலும் விழும். தங்கை முறை, நாத்தனார் முறை என்று கூப்பிட்டு உட்காரவைக்கும் நாற்காலி அல்ல. கடைசியில் ஏப்ரலிலேயே இன்னொரு சுயேச்சை இயக்குநரை நான்காவது ஆளாகக் குழுவில் சேர்த்தார்கள். பிள்ளை மே 9-ஆம் தேதி, சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டான். நான் இல்லாமலே கணக்கு வெளியானது. இந்த ஒரு விஷயத்தில் நான் முன்கூட்டி யோசித்தேன் என்று இன்றும் பெருமைப்பட்டுக்கொள்வேன். மற்றதில் அவ்வளவு புத்திசாலியாக இல்லை.

லோரி கம்பெனிக்கு வருவோம். அங்கே புர்சா இல்லை, தணிக்கைக் குழு இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேர், நான். அவர்கள் அப்பா காலத்தில் பதிந்த கம்பெனி, விதிகளும் பழைய அச்சு. அதில் ஒரு வரி: இயக்குநர்களின் அனுமதி இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் கூட்டங்களுக்கு வராதவரின் பதவி காலி. 2016 சட்டம் 2017 ஜனவரி 31-இல் நடைமுறைக்கு வந்தபின்னும், மாற்றாமல் விட்ட பழைய விதிகள்தான் அப்படிப்பட்ட கம்பெனிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இங்கே 'அனுமதி' என்ற சொல் இருப்பது நல்லது. அனுமதி வாங்கினால் போதும். ஆனால் வாயால் வாங்கினால் அதற்குச் சாட்சி கிடையாது. மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், ஏற வேண்டும்: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இவர் கூட்டங்களுக்கு வராதிருக்க இயக்குநர்கள் அனுமதிக்கிறார்கள் என்று ஒரே வரி. பெரிய அண்ணன் சிரித்தார். "தங்கச்சி, நமக்குள்ள என்ன பேப்பரு?" நானும் சிரித்தேன். எழுத வைக்கவில்லை.

அடுத்து நடந்தது பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள். தீட்டு கழியவில்லை. மத்தியானம் கம்பெனிப் பையன் மோட்டார்சைக்கிளில் வந்து கேட்டில் நின்றான். கையில் பிளாஸ்டிக் உறையில் ஒரு தீர்மானம். புது லோரிக்குக் கடன், பேங்கில் நாளைக்கே கேட்கிறார்களாம். கூட்டம் போடாமல் எல்லாரிடமும் கையெழுத்துக்குச் சுற்றிவரும் தீர்மானம். அந்தக் கம்பெனியின் விதிப்படி எல்லா இயக்குநரும் போட்டால்தான் அது செல்லும், என் கையெழுத்தும் வேண்டும். அம்மா அவனை உள்ளே விடவில்லை. ஜன்னல் கம்பி வழியாகத் தாள் வந்தது, பேனா வந்தது. போனில் பெரிய அண்ணன்: "ஒரே ஒரு கையெழுத்துதாம்மா, அப்புறம் நீ தூங்கு." முந்தின இரவு பிள்ளை மூன்று முறை எழுந்திருந்தான். இடது தோளில் அவன், வலது கையில் பேனா, தாளை ஜன்னல் விளிம்பில் வைத்துப் போட்டேன். கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை.

மறுநாள் போனில் அனுப்பச் சொல்லிப் படித்தேன். முதல் பத்தி லோரிக் கடன். இரண்டாவது பத்தி, சின்ன அண்ணனின் வேறொரு கம்பெனிக்கு எங்கள் கம்பெனி ஜாமீன் நிற்பது. ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டையும் ஒரே தாளில் போட்டால் வேலை சுலபம் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் கையெழுத்துப் போட்டது நான். தொழில் கணக்கு, படித்துப் பார்க்காமல் போடாதே என்று வாடிக்கையாளர்களுக்குப் பதினைந்து வருஷமாகச் சொல்லிவருபவள் நான். சட்டத்தின் 213-ஆம் பிரிவு இயக்குநர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் நடந்துகொள்ள வேண்டும் என்கிறது. பிள்ளை பெற்று எத்தனை நாள் என்று அது கேட்பதில்லை.

அன்றே இருவருக்கும் ஈமெயில் எழுதினேன்: ஜாமீன் பகுதியை நான் பரிசீலிக்கவில்லை, கூட்டம் போட்டுப் பேசவேண்டும், அதுவரை பேங்குக்கு அந்தத் தாளைத் தரவேண்டாம். சின்ன அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தாள் இன்னும் பேங்குக்குப் போகாமல் இருந்தது என் அதிர்ஷ்டம். லோரிக்கு மட்டும் புதுத் தீர்மானம் எழுதினார்கள், ஜாமீன் அப்படியே கிடப்பில் போனது. இதற்குப் பிறகுதான் பெரிய அண்ணனே என் அனுமதி வரியை மினிட்ஸில் ஏற்றினார். அதோடு நான் கேட்டு இன்னொரு வரியும் ஏறியது: நான் வராத காலத்தில் அவசரத் தீர்மானம் எதுவும் 48 மணி நேரம் முன்னால் எனக்கு வந்துசேர வேண்டும், ஒரு தாளில் ஒரு விஷயம்தான் இருக்கவேண்டும்.

கூட்டத்துக்கு வராதிருக்க அனுமதி வாங்கிவிட்டதால் பொறுப்பிலிருந்தும் விடுமுறை கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் அப்படித்தான் அரைகுறையாக நினைத்திருந்தேன். பதவியில் பெயர் இருக்கிறவரை பொறுப்பும் இருக்கிறது. அதனால்தான் ஒரு சிநேகிதி பேசாமல் விலகிவிட்டு ஒரு வருஷம் கழித்து மறுபடி சேர்ந்துகொள் என்றாள். பாதுகாப்பான வழிதான். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு நம் சட்டத்தில் உத்தரவாதம் எதுவும் இல்லை. ஜெர்மனியில் வெஸ்ட்விங் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டெலியா லாஷான்ஸ் 2020-இல் பிரசவத்துக்காக நிர்வாகக் குழுவிலிருந்து விலக வேண்டியிருந்தது. அதன்பின் எழுந்த பேச்சில் 2021-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. பதவியைத் தற்காலிகமாக விட்டுத் திரும்பப் பெறும் உரிமை வந்தது. அது நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கு. மேற்பார்வை மட்டும் பார்க்கும் என்னைப் போன்றவர்களை எண்ணி எழுதியதல்ல. லாட்வியாவில் கர்ப்ப காலத்தில் நீக்கப்பட்ட ஓர் இயக்குநரின் வழக்கில், 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்து ஊதியம் வாங்குகிற இயக்குநரைத் தொழிலாளியாகவும் கருதலாம் என்றது. நம்மூர் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. கூட்டத்தில் சொன்னால் தலைவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள், அதற்கு உதவும்.

பணத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. பங்குச் சந்தைக் கம்பெனியில் இயக்குநர் கட்டணத்தையும் சலுகைகளையும் பங்குதாரர்கள் பொதுக்கூட்டத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், 230-ஆம் பிரிவு. ஆகவே பிரசவப் படி என்று புதிதாக ஒன்றை இயக்குநர்கள் தாமாகக் கொடுத்துவிட முடியாது. நான் கேட்டது எளியது: ஒப்புக்கொண்ட ஆண்டுக் கட்டணத்தை வெட்டவேண்டாம், கூட்டத்துக்கு வந்தால்தான் கிடைக்கும் படியை வராத கூட்டத்துக்கு நான் கேட்கமாட்டேன். ஒத்துக்கொண்டார்கள். செண்டிரியான் பெர்ஹாட்டில் இயக்குநர்களே தீர்மானிக்கலாம், மினிட்ஸில் எழுதி 14 நாளுக்குள் பங்குதாரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கம்பெனியில் பங்குதாரர்களும் அதே அண்ணன் தம்பிதான், சாப்பாட்டு மேசையில் முடிந்தது. அதையும் எழுதித்தான் வைத்தார்கள்.

அம்மாவுக்கு இயக்குநர் என்ற சொல் புதிதல்ல. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், எங்கள் ஊர்க்காரரான அமைச்சர் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா பங்கு போட்டிருந்தார். ஆண்டுக் கூட்டக் கடிதம் வரும்போதெல்லாம் அம்மா என்னைத்தான் படிக்கச் சொல்வார். அதில் இருக்கும் பெயர்கள் எங்கோ உயரத்தில் இருப்பவர்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு அறுபது நாள்கூட இல்லை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

இப்போது பெரிய கம்பெனியின் நியமனக் கடிதத்தில் ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. பிள்ளை பெறுவதாலோ தத்தெடுப்பதாலோ, ஆணோ பெண்ணோ, ஓர் இயக்குநர் எத்தனை கூட்டம் வரமுடியாது என்று முன்னதாகச் சொன்னால், செக்ரட்டரி அந்த நிதியாண்டின் எல்லாக் கூட்டத் தேதிகளையும், சிறப்புக் கூட்டங்களையும் சேர்த்து எண்ணி, பாதியைத் தாண்டாமல் ஆன்லைன் ஏற்பாடு செய்ய வேண்டும், குழுக்களின் கோரத்தைப் பார்க்க வேண்டும், கட்டணம் தொடரும். அமைப்பு விதிகளை மாற்ற பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதற்கு நேரமாகும். கடிதத்தை மாற்ற ஒரு கூட்டம் போதும்.

போன மாதம் ஒரு புது இயக்குநர் வந்தார், என்னைவிட இளையவர். இரண்டாவது கூட்டத்தில் இடைவேளையின்போது பக்கத்தில் வந்து, "அக்கா, வைஃபுக்கு அக்டோபர்ல தேதி. எனக்கு இங்க ஏழு நாள் உண்டுதானே?" என்றார். அது உங்கள் ஆபீஸில், இங்கே இல்லை என்றேன். முகம் கொஞ்சம் மாறியது. அந்தப் பத்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நவம்பர் கூட்டத்தின் தேதியை இருவருமாக காலண்டரில் தேடினோம்.